பக்கம் வெட்டாத சட்டப் புத்தகம்: ஸ்வீடன் மாகாணச் சட்டங்கள், ஐந்தாம் தொகுதி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்வீடிஷ் ஓரளவு படிக்க வரும் என்றால் இந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து வாங்குங்கள். பழைய புத்தகக் கடைகளில்தான் கிடைக்கும், பெரிய விலையும் இல்லை. ஏன் வாங்க வேண்டும், எங்கே கொஞ்சம் சிரமப்படுவீர்கள் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், ஆனால் இந்தச் சட்டத்தைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை, அதனால் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுகிறேன்.

புத்தகத்தின் பெயர் 'ஸ்வென்ஸ்கா லாந்த்ஸ்காப்ஸ்லாகர்', ஸ்வீடனின் மாகாணச் சட்டங்கள். மொத்தம் 5 தொகுதி. ஓகெ ஹோல்ம்பேக் சட்ட வரலாறு படித்தவர், எலியாஸ் வெசேன் மொழியறிஞர். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து, ஸ்வீடன் முழுக்க ஒரே சட்டம் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு மாகாணமும் தனக்கென்று வைத்திருந்த பழைய சட்டங்களை இக்கால ஸ்வீடிஷுக்குக் கொண்டுவந்து, முன்னுரையும் குறிப்புகளும் சேர்த்து 1933 முதல் 1946 வரை வெளியிட்டார்கள். இடையில் ஒரு உலகப் போரே வந்து போய்விட்டது, வேலை நிற்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இருப்பதிலேயே பழைய சட்டம் கடைசியாகத்தான் வந்தது. 1946இல் வந்த ஐந்தாம் தொகுதியில்தான் வெஸ்தெர்யோத்லாந்து மாகாணத்தின் சட்டம் இருக்கிறது. நான் வாங்கியதும் அதை மட்டும்தான்.

வாங்கத் தூண்டியது ஒரு சின்னப் பேச்சு. நான் இருப்பது கோதென்பர்க் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மாகாணத்து ஊரான ஸ்காராவுக்குப் போய் பேராலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கூட வந்த ஸ்வீடிஷ் நண்பர், பள்ளிக்கூட வாத்தியார், "இந்த மண்ணோட பழைய சட்டத்துல ராஜாவைத் துரத்துற உரிமையை எழுதியே வெச்சிருக்காங்க" என்று போகிற போக்கில் சொன்னார். எனக்கு அன்றைக்கு ராத்திரி முழுக்க அதே நினைப்பு. யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள், ராஜா இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாரா? அடுத்த வாரமே தேட ஆரம்பித்துவிட்டேன்.

வாங்கிய அனுபவம் முழுக்க இனிப்பு என்று சொல்ல மாட்டேன். இணையத்தில் பழைய புத்தகம் விற்கிற ஒருவரிடம் வாங்கினேன், "நல்ல நிலை" என்று போட்டிருந்தார், வந்து பார்த்தால் முதுகுப் பக்கம் நடுவில் பிளந்து, தூக்கினால் இரண்டு துண்டாகிவிடும் போல இருந்தது. மெல்லிய காகித உறையில் அனுப்பியிருந்தார், அட்டையின் ஒரு மூலை மடங்கியே போய்விட்டது. படம் எடுத்து அனுப்பினேன், பாதிப் பணம் திருப்பித் தந்தார். சரி, அதோடு விட்டுவிட்டேன். பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் பணம் கட்டும் முன் முதுகுப் பக்கத்தின் படம் ஒன்று கேட்டு வாங்குங்கள்.

ஆனால் உள்ளே எனக்கு ஒரு அதிசயம் காத்திருந்தது. அந்தக் காலத்துப் புத்தகங்களில் தாள்கள் மடித்த வாக்கிலேயே தைத்து வந்துவிடும், ஓரத்தை நாமேதான் வெட்டிப் பிரித்துக்கொள்ள வேண்டும். என் பிரதியில் முன்னுரை வெட்டியிருந்தது. சட்டம் ஆரம்பிக்கிற இடத்திலிருந்தும் ஏழெட்டுப் பக்கம் வரை யாரோ பொறுமையாக வெட்டியிருக்கிறார்கள், அப்புறம் கடைசி வரை மூடியே கிடந்தது. 1946இலிருந்து அந்தப் பக்கங்களை ஒருத்தரும் படிக்கவில்லை. சமையலறையில் இருந்த மழுங்கிய வெண்ணெய்க் கத்தியை எடுத்து ஒவ்வொரு மடிப்பாக வெட்டிக்கொண்டே படித்தேன். அதனாலேயே வேகமாகப் படிக்க முடியவில்லை. எட்டுப் பக்கம், நிறுத்து, வெட்டு, மறுபடி எட்டுப் பக்கம். இந்தப் புத்தகத்தைப் படிக்கச் சரியான வேகமும் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

இனி சட்டத்துக்கு வருகிறேன்.

வெஸ்தெர்யோத்லாந்து ஸ்வீடனின் தென்மேற்கில், இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவிலும் அவற்றுக்குத் தெற்கிலும் இருக்கிற விவசாய பூமி. அங்கே சட்டம் ரொம்ப காலம் தாளில் இல்லை, ஆள் வாயில் இருந்தது. 'லாக்மன்' என்று ஒருத்தர், அதாவது சட்டத்தை மனப்பாடமாக வைத்திருந்து 'திங்' என்கிற ஊர்கூடும் சபையில் சத்தமாகச் சொல்கிறவர். அவர் சொன்னதுதான் சட்டம். எழுதி வைக்கும் வேலை 1220கள் வாக்கில் நடந்தது என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. அப்போது லாக்மனாக இருந்தவர் எஸ்கில் மாக்னுசொன், பின்னாளில் ஸ்வீடனையே ஆட்டிவைத்த பிர்ஜெர் யார்லின் அண்ணன். சாதாரண ஆள் கிடையாது. ஐஸ்லாந்தின் பெரிய சரித்திரக்காரர் ஸ்நோரி ஸ்துர்லுசொன் 1219இல் கடல் தாண்டி வந்து இவர் வீட்டில் தங்கிப் போயிருக்கிறார். எஸ்கிலின் மனைவி கிறிஸ்தீன் அவருக்கு ஒரு போர்க்கொடியைப் பரிசாகக் கொடுத்தாராம், அது எரிக் ராஜா தன் எதிரி ஸ்வெர்கெரைப் போரில் வீழ்த்தியபோது தூக்கிப் பிடித்த கொடி. கதை சொல்கிறவர்களும் சட்டம் சொல்கிறவர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்பதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஐஸ்லாந்திலும் சட்டம் சொல்கிற ஆள் உண்டு, ஸ்நோரியே அந்தப் பதவியில் இருந்தவர்தான், அப்போ இரண்டு பேருக்கும் பேச விஷயத்துக்குக் குறைவே இருந்திருக்காது.

எஸ்கில் காலத்துப் படி கிடைக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்தது என்று சொல்லப்படுகிற ஒரு சின்னத் துண்டு மிஞ்சியிருக்கிறது. முழுசாக இருக்கிற படி 1280களில் எழுதியது, ஸ்டாக்ஹோமில் ஸ்வீடன் தேசிய நூலகத்தில் பி 59 என்ற எண்ணில் இருக்கிறது. ஸ்வீடிஷ் மொழியில், லத்தீன் எழுத்தில் எழுதி முழுசாகத் தங்கியிருக்கிற ஆகப் பழைய புத்தகம் அதுதான். அதன் படங்களை இணையத்தில் பார்க்கலாம், நான் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் படித்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சட்டம் ஆரம்பிக்கிற விதமே அழகு. "நம் சட்டங்களில் முதலில் கிறிஸ்து" என்று ஒரு வரி. அடுத்து நம் கிறிஸ்தவ நம்பிக்கை, ராஜாக்கள், குடியானவர்கள், ஆயர்கள், படித்தவர்கள் என்று ஒரு அடுக்கு. உடனே குழந்தைக்கு ஞானஸ்நானம். பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் அப்பா அம்மா ஞானத்தகப்பனையும் ஞானத்தாயையும் ஏற்பாடு பண்ண வேண்டும், உப்பும் தண்ணீரும் கொண்டுவர வேண்டும். உப்பு, தண்ணீர்! சட்டம் இவ்வளவு கிட்டத்தில் வந்து பேசும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நண்பர் சொன்ன ராஜா விஷயம் எங்கே என்று தேடிப் போனால், உரிமையில்லாதவர்களைப் பற்றிய பகுதியில், அதன் தலையிலேயே இருக்கிறது. பழைய ஸ்வீடிஷில் அந்த வரியைச் சொல்லிப் பாருங்கள்: "ஸ்வேயார் எகோ கோனுங் அத் தாகா ஓக் ஸ்வா வ்ரேகா." ஸ்வீயர்களுக்கு ராஜாவை எடுக்கவும் உரிமை, தள்ளவும் உரிமை. தாகா, வ்ரேகா என்று விழுகிற அந்த எதுகையை வாயால் சொல்லும்போதுதான் புரிகிறது, இது மனப்பாடத்துக்காகக் கட்டிய வரி. எடு, தள்ளு. மறக்கவே மறக்காது.

ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டால் முக்கியமானதை விட்டுவிடுவோம், அடுத்து வருவதுதான் உயிர். ராஜாவைத் தேர்ந்தெடுப்பது வடக்கே இருக்கிற ஸ்வீயர்கள், வெஸ்தெர்யோத்லாந்துக்காரர்கள் கிடையாது. அப்போ புது ராஜா இவர்கள் மண்ணுக்கு எப்படி வர வேண்டும் என்பதை இவர்கள் சட்டம் படிப்படியாகச் சொல்கிறது. அவர் பிணையாட்களோடு, அதாவது உத்தரவாதத்துக்காகக் கூட வரும் ஆட்களோடு, மேலிருந்து இறங்கி முதலில் பக்கத்து மாகாணமான ஓஸ்தெர்யோத்லாந்துக்கு வர வேண்டும். அங்கிருந்து யோத்தர்கள், அதாவது யோத்லாந்து மக்கள், எல்லாரும் கூடும் சபைக்குத் தூது அனுப்ப வேண்டும். லாக்மன் தெற்குப் பாதியிலிருந்து 2 பேர், வடக்குப் பாதியிலிருந்து 2 பேர் என்று பிணைக்கு ஆள் நியமிப்பார், கூட இன்னும் 4 பேர் போவார்கள். யூனபேக் என்கிற ஓடை வரை போய் ராஜாவைச் சந்திக்க வேண்டும். ஓஸ்தெர்யோத்லாந்துப் பிணையாட்களும் அங்கே வந்து, எங்கள் சட்டப்படிதான் இவர் எங்கள் நாட்டுக்குள் வந்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும். அப்புறம் சபை கூடும். ராஜா அங்கே வந்து, உங்கள் மண்ணின் நியாயமான சட்டத்தை உடைக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ண வேண்டும். அதுக்கப்புறம்தான் லாக்மன் முதலில், மற்றவர்கள் பின்னால், "இவர் ராஜா" என்று தீர்ப்புச் சொல்வார்கள். ராஜா பதிலுக்கு மூன்று குற்றவாளிகளுக்கு மன்னிப்புத் தரலாம், ஆனால் ஈனச்செயல் செய்தவர்களுக்குத் தரக்கூடாது.

இதை நான் நாலு தடவை படித்தேன். ராஜா உத்தரவு போட்டு மக்கள் கேட்கிற எழுத்து இதில் எங்கேயும் இல்லை. வெளியூர்க்காரரை ஓடைக்கரை வரை போய், இரண்டு பக்கமும் சாட்சி வைத்து, விசாரித்து உள்ளே அழைக்கிற எழுத்து. சட்டம் மண்ணுக்குச் சொந்தம், ராஜா வந்து போகிறவர். புத்தகம் முழுக்க இந்தக் குரல்தான் ஓடுகிறது, இந்தப் புத்தகத்தை நான் நேசிப்பதற்குக் காரணமும் இதுதான்.

ஆயர் நியமனத்திலும் அதே குரல். ராஜா ஊர் மக்களையெல்லாம் கேட்க வேண்டும், யார் வேண்டும் என்று. ஆயராக வருகிறவர் குடியானவரின் மகனாக இருக்க வேண்டும். லாக்மனும் அப்படித்தான், குடியானவர் மகன். ராஜா அந்த ஆயரின் கையில் கோலும் தங்க மோதிரமும் கொடுப்பார். ரோமில் போப்பாண்டவர்கள் இதே கோல், மோதிர விஷயத்துக்காகப் பேரரசர்களோடு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பெரிய சண்டை போட்டு முடித்துவிட்டார்கள். இங்கே அது காதில் விழுந்த மாதிரியே எழுதி வைத்திருக்கவில்லை, பழைய வழக்கம் அப்படியே நிற்கிறது.

பிணையாள் விஷயம் வெறும் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். பி 59 படியின் பின்பக்கத்தில், 1325 வாக்கில், வித்ஹெம் என்ற ஊரின் பாதிரியார் ஒருவர் நிறைய குறிப்பு எழுதிச் சேர்த்திருக்கிறார். ராஜாக்கள் பட்டியல், ஆயர்கள் பட்டியல், லாக்மன்கள் பட்டியல். ஐந்தாம் தொகுதியோடு மட்டும் நில்லாமல், இந்தப் பட்டியல்களை நான் மூல மொழியில் வந்த 1827 பதிப்பின் ஸ்கேனில் தனியாகப் போய்ப் படித்தேன், தவறவிடக் கூடாதவை. அதில் ராங்வால்த் என்று ஒரு ராஜா. துணிச்சல்காரர், தலைக்கனம் பிடித்தவர். பிணையாள் இல்லாமலே கார்லெபி என்ற ஊருக்குக் குதிரையேறி வந்தார். வெஸ்தெர்யோத்லாந்துக்காரர் எல்லாருக்கும் அவர் செய்த அந்த அவமரியாதைக்காக அவமானமான சாவு கிடைத்தது. அவ்வளவுதான், இரண்டு வரி. அடுத்து, அப்போது ஒரு நல்ல லாக்மனும் நாட்டுத் தலைவர்களும் ஆண்டார்கள், எல்லாரும் தங்கள் மண்ணுக்கு விசுவாசமாக இருந்தார்கள் என்று எழுதிவிட்டு அந்தப் பாதிரியார் அடுத்த ராஜாவுக்குப் போய்விடுகிறார். அந்தக் கொலை நடந்து இருநூறு வருஷம் ஆகியும் எழுதுகிறவருக்குத் துளி வருத்தம் இல்லை!

லாக்மன்கள் பட்டியல் இன்னும் பிடித்தது. முதல் ஆள் பெயர் லும். சட்டத்தின் பெரும்பகுதியை யோசித்து ஆக்கியது அவர்தானாம், அதனால் லும்மின் சட்டம் என்றே பெயராம். வாங்கர் என்ற இடத்தில் பிறந்தார், அங்கேயே ஒரு மேட்டுக்குள் கிடக்கிறார், ஏனென்றால் அவர் கிறிஸ்தவர் அல்லாதவர். "நம் சட்டங்களில் முதலில் கிறிஸ்து" என்று ஆரம்பிக்கிற அதே புத்தகத்தின் பின்பக்கத்தில், ஒரு பாதிரியாரே, இந்தச் சட்டத்தைக் கட்டியவர் கோயில் நிலத்தில் புதைக்க முடியாத ஒரு மனுஷன் என்று மறைக்காமல் எழுதுகிறார். எஸ்கிலும் இதே பட்டியலில் வருகிறார், லும்மின் சட்டத்தையும் மற்றப் பழைய வழக்கங்களையும் தேடித் துருவிச் சேர்த்தவர் என்று.

சட்டத்தின் பழமைக்கு ஒரு சின்ன வாக்கியமும் சாட்சி. வாரிசுப் பகுதியில், கிரேக்க நாட்டில் உட்கார்ந்திருப்பவன் அங்கே இருக்கும்வரை யாருடைய சொத்துக்கும் வாரிசாக முடியாது என்று இருக்கிறது. கிரேக்க நாடு என்றால் கான்ஸ்டான்டினோபிள், பேரரசரின் மெய்க்காவல் படையில் சேர வடக்கிலிருந்து ஆட்கள் போன காலம் அது. 1220களில் அந்த நகரம் மேற்கத்திய சிலுவைப்போர்க்காரர்கள் கையில் இருந்தது, 1204இலேயே விழுந்துவிட்டது. அப்போ இந்த வரி எழுதுவதற்கு முன்னாலேயே ரொம்ப காலமாக வாயில் இருந்து வந்த வரியாகத்தான் இருக்க வேண்டும். வருஷக்கணக்காகத் திரும்பி வராத மகனுக்காக நிலத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பதா என்று எந்தெந்த வீட்டில் சண்டை நடந்திருக்குமோ. அதே பகுதியில் மகன் இருந்தால் மகனுக்கு, மகன் இல்லாவிட்டால்தான் மகளுக்கு என்றும் இருக்கிறது. பெண்களுக்குப் பாதிப் பங்கு பின்னால் வந்தது, அதை எஸ்கிலின் தம்பி பிர்ஜெர் யார்ல் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

கொலைக்கான பணம் பற்றிய பகுதியைப் படிக்கும்போது வரைபடம் ஒன்றை விரித்த மாதிரி இருக்கும். அதே ராஜ்யத்தில் இருந்தாலும் வெஸ்தெர்யோத்லாந்துக்காரர் அல்லாத ஸ்வீயரையோ ஸ்மோலாந்துக்காரரையோ கொன்றால் 13 மார்க்கும் 8 ஓர்துகும் (ஓர்துக் என்பது மார்க்கைவிடச் சின்னப் பண அளவு) கட்ட வேண்டும், குடும்பத்துக்கான தனிப் பங்கு கிடையாது. டென்மார்க்காரர், நார்வேக்காரர் என்றால் 9 மார்க். வெளிநாட்டிலிருந்து வந்த பாதிரியாரைக் கொன்றால் மட்டும் உள்ளூர் ஆளுக்குச் சமமான தொகை. ஒரே ராஜா, ஆனாலும் அடுத்த மாகாணத்து ஆள் அந்நியன். 'ஸ்வீடன்' என்கிற சொல்லை இன்றைக்கு இருக்கிற அர்த்தத்தில் இந்தச் சட்டத்தின் மேல் போட்டுப் படிக்கவே கூடாது என்பது எனக்கு இங்கேதான் உறைத்தது.

இப்போது மனசுக்குக் கஷ்டமான பக்கங்கள். அவற்றைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது நேர்மையாக இருக்காது.

கூத்தாடிக்கு அடி விழுந்தால் நஷ்டஈடு இல்லை. பிடில், கிகா, முரசு என்று எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற அந்தக் கலைஞனுக்குக் காயமே ஆகிவிட்டால் என்ன கிடைக்கும் தெரியுமா? பழக்கப்படுத்தாத ஒரு கிடாரியை மேட்டின் மேல் கொண்டுபோக வேண்டும். அதன் வால் மயிரையெல்லாம் மழித்து, வாலில் கொழுப்புத் தடவ வேண்டும். கூத்தாடிக்குப் புதுசாகக் கொழுப்புத் தடவிய செருப்பு. அவன் கிடாரியின் வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவன் கூர்மையான சாட்டையால் கிடாரியை அடிப்பான். பிடித்து நிறுத்திவிட்டால் அந்த நல்ல மாடு அவனுக்கு, நாய் புல்லை அனுபவிப்பதுபோல் அனுபவிக்கட்டும் என்கிறது சட்டம். நிறுத்த முடியாவிட்டால், கிடைத்த அவமானத்தையும் அடியையும் வைத்துக்கொள்ளட்டும். சாட்டையடி பட்ட அடிமைப் பெண்ணுக்கு மேல் அவன் நியாயம் கேட்கக் கூடாது.

வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மேட்டைச் சுற்றி ஊரே நின்று சிரித்திருக்கும், சிரிப்பதற்காகவே அவ்வளவு விவரமாகக் கட்டிய காட்சி அது. அதே ஊர்தான் ராஜாவிடம் சத்தியம் வாங்கிய ஊர். சபையில் நிற்கக் குடும்பமும் நிலமும் இருக்கிறவனுக்குச் சட்டம் கோட்டை. இல்லாதவனுக்கு இந்த வால். அடிமைகளும் இந்தச் சட்டத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள். கிறிஸ்தவ ஆணுக்கோ பெண்ணுக்கோ பிறந்தவர் யாரும் அடிமையாக இருக்கக் கூடாது என்று மாக்னுஸ் எரிக்சொன் ராஜா ஸ்காராவில் ஆணை போட்டது 1335இல். எழுதி நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு.

பெண்ணைத் திட்டும் சொற்களின் பட்டியல், ராஜா வரி இருக்கிற அந்த உரிமையில்லாதவர்கள் பகுதியில் இருக்கிறது. எந்தெந்தச் சொல்லைச் சொன்னால் தண்டம் என்று வார்த்தை வார்த்தையாகக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை: "பட்டிப் படலின் மேல் ஏறி நீ போனதைப் பார்த்தேன், தலைவிரி கோலமாய், பேயுருவில், இரவும் பகலும் சமமாக இருந்த வேளையில்." யாரோ ஒருத்தி மேல் யாரோ ஒருவன் உண்மையிலேயே சொன்ன வசவு சட்டத்துக்குள் வந்து உறைந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. திட்டினவனும் இல்லை, திட்டு வாங்கினவளும் இல்லை, அந்தப் படல் மட்டும் இருக்கிறது.

மொழிபெயர்ப்பு எப்படி என்று கேட்டால், மேலே சொன்ன குரல் எங்கேயும் கெடவில்லை. குட்டை குட்டையான வாக்கியங்கள், "இப்போது ஒருவன் இப்படிச் செய்கிறான், அப்போது இப்படி" என்று போகிற நடை, அதை வழவழப்பாக்கி இன்றைய சட்ட மொழியாக மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். சத்தமாகப் படித்தால் இன்னும் நன்றாக இருக்கிறது. குறிப்புகள் சின்ன எழுத்தில், நிறைய, சில இடங்களில் மூலத்தைவிட நீளம். முதலில் எரிச்சலாக இருந்தது, பத்து நாளில் குறிப்புக்காகவே பக்கம் வெட்ட ஆரம்பித்துவிட்டேன். ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம், மற்ற மாகாணச் சட்டங்களில் இதே விஷயம் எப்படி வருகிறது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். நில விஷயம், ஆலை விஷயம், திருட்டு விஷயம் எல்லாம் குறிப்பு இல்லாமல் எனக்குப் புரிந்திருக்காது.

குறை? மூல மொழி எதிர்ப்பக்கத்தில் இல்லை. அந்த எதுகையையும் மோனையையும் கேட்க வேண்டுமென்றால் வேறு பதிப்பைத் திறக்க வேண்டும். ஸ்லூத்தெர் என்ற அறிஞர், முதலில் கொலினோடு சேர்ந்தும் பிறகு தனியாகவும், 1827 முதல் 1877 வரை 50 வருஷம் உழைத்து 13 தொகுதிகளாகப் பழைய சட்டங்களின் மூலத்தைப் பதிப்பித்தார். முதல் தொகுதியே வெஸ்தெர்யோத்லாந்துதான், கடைசித் தொகுதி சொல்லகராதி. அதற்கும் முன்னால் கவிஞர் ஷேர்ன்யெல்ம் 1663இல் இந்தச் சட்டத்தை முதல்முதலாக அச்சில் கொண்டுவந்துவிட்டார். இன்னொரு சிரமம், 1946இன் ஸ்வீடிஷ் இன்றைய பேச்சு ஸ்வீடிஷிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கும், வகுப்பில் படித்த ஸ்வீடிஷ் மட்டும் இருப்பவர்களுக்கு முதல் சில நாள் தடுமாறும். ஸ்வீடிஷே வராது என்பவர்களுக்கு 2021இல் தோமாஸ் லிந்த்க்விஸ்த் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது.

இதே தொகுதியில் இன்னும் மூன்று பகுதி உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருத்தி எழுதின புதிய வெஸ்தெர்யோத்லாந்துச் சட்டம் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் பழையதின் சூடு இல்லை, நான் வேகமாகத் தாண்டினேன். ஸ்மோலாந்துச் சட்டத்தில் கோயில் பகுதி மட்டும்தான் தப்பியிருக்கிறது, அது சில பக்கம். பியார்க்கோ சட்டம் என்கிற பழைய நகரச் சட்டம் கடைசியில் வருகிறது, கோதென்பர்க்குக்கு மேலே ஆற்றோரம் இருக்கிற லோதோசேயோடு சம்பந்தப்பட்ட படி என்பதால் இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது சுவாரசியம்.

இந்த மாகாணச் சட்டங்களையெல்லாம் 1350 வாக்கில் மாக்னுஸ் எரிக்சொன் கொண்டுவந்த நாட்டுச் சட்டம் ஓரங்கட்டியது. கோயில் பகுதியில் மட்டும் ஆயர்களோடு ஒத்துவராததால் அதைப் புதுச் சட்டத்தில் சேர்க்கவே முடியவில்லை, அந்த விஷயத்துக்கு மட்டும் பழையதே ஓடிக்கொண்டிருந்தது. உப்பும் தண்ணீரும் அவ்வளவு சீக்கிரம் போய்விடவில்லை. ஹோல்ம்பேக்கும் வெசேனும் அந்த நாட்டுச் சட்டத்தையும் பின்னால் 1962இல் தனிப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள், என் அடுத்த தேடல் அதுதான்.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை, எதிர்ப்பக்கத்தில் மூலம் இல்லாததற்கு அரை குறைத்தேன். வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. பக்கம் வெட்டாத பிரதி கிடைத்தால் கூர்மையான கத்தியை எடுக்காதீர்கள், அது மடிப்பை விட்டு விலகி எழுத்துக்குள் பாய்ந்துவிடும், வெண்ணெய்க் கத்திக்கு மாறுவதற்கு முன்னால் எனக்கு இரண்டு தாள் அப்படித்தான் போனது. மழுங்கின கத்தியைப் படுக்கவைத்து, மடிப்பின் உள்பக்கமாக விட்டு, மெதுவாக வெளியே இழுங்கள். எட்டுப் பக்கம் வெட்டினால் ஒரு சாயங்காலத்துக்குப் போதும்.